கீழே ஆட்கள் இருக்கிறார்கள்

காலியாகக் கிடந்த பொட்டலின் மேல் பறக்க மாட்டேன் என்று அந்தச் சின்ன ட்ரோன் அடம்பிடித்தபோது ஜெசிந்தாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நாற்பதாவது பிறந்தநாளுக்கு அவள் கணவன் பிரிட்டோ வாங்கிக் கொடுத்தது அது. மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும். பிரிட்டோ ஓர் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவன். கூரைக்கு அடியில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கனமான இரும்புக் குழாய்களை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்துவது அவன் வேலை. "நான் தினமும் எல்லாரையும் உச்சந்தலையாத்தான் பார்க்கறேன் ஜெசி. மேல இருந்து பார்த்தா ஊரே வேற மாதிரி இருக்கும். நீயும் ஒரு தடவை பாரேன்" என்று சொல்லித்தான் பெட்டியை நீட்டினான். பிள்ளைகள் இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருக்கும். பூசை முடிந்து வந்ததும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

திருச்சிக்கு வெளியே வேதநாயகம் நகர் என்றொரு குடியிருப்பு. அதன் பின்னால்தான் அந்த மைதானம். விமான நிலையம் நன்றாகத் தள்ளி இருந்ததால் அங்கே பறக்கத் தடை கிடையாது. ட்ரோன் கடை வைத்திருந்த இத்ரீஸ், புதிதாக வாங்கியவர்களை ஞாயிறுதோறும் அங்கே வரச்சொல்லிப் பழக்குவான். ஜெசிந்தாவைவிட நாலைந்து வயது சின்னவன். எதையும் அவசரமில்லாமல் சொல்வான்.

"மொதல்ல இறக்கைய விரலால தடவிப் பாருங்கக்கா. முடி அளவு விரிசல் இருந்தாலும் அன்னைக்குப் பறக்கக் கூடாது. கார் பானெட் மேல வச்சுக் கிளப்பாதீங்க, இரும்பு பக்கத்துல இருந்தா அதுக்குத் திசை குழம்பிடும். தானா வீடு திரும்புற உயரத்தை அந்தத் தென்னை மரத்துக்கு மேல வைங்க. இல்லன்னா மட்டையில போய்ச் சொருகிக்கும்."

"எவ்வளவு தூரம் விடலாம் தம்பி?"

"உங்க கண்ணுக்குத் தெரியற தூரம். திரையைப் பார்த்து ஓட்டறது ஓட்டறதே இல்ல. பாதி பேட்டரியிலயே திருப்பிடுங்க. போகும்போது காத்து தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும். பருந்து துரத்துச்சுன்னா பயந்து கீழ இறக்காதீங்க, நேரா மேல ஏத்துங்க. அது மேல இருந்துதான் பாயும். எல்லாத்தையும்விட முக்கியம், ஆள் தலைக்கு மேல பறக்கவே கூடாது. கால் கிலோ கூட இல்லாத பொருள்தான். ஆனா அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தா மண்டை உடையும்."

அன்று இரவு சாப்பிடும்போது அதைச் சொன்னதும் பிரிட்டோ தலையாட்டினான். "கிரேன்லயும் அதேதான். சுமை ஆள் தலைக்கு மேல போகக் கூடாது. கீழ நிக்கிறவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான், மேல இருக்கிறவன்தான் குனிஞ்சு பார்க்கணும்."

ஒரு ஞாயிறு அவள் தனியாக உயர்த்தி, மைதானத்தின் ஓரமாக இருந்த பம்பு அறைப் பக்கம் திருப்பினாள். பாதி வழியில் ட்ரோன் நின்றுவிட்டது. விசையை எவ்வளவு தள்ளியும் நகரவில்லை. காற்றில் கட்டிப்போட்டது போல அங்கேயே ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கையிலிருந்த கருவியிலிருந்து பதமான ஒரு பெண் குரல் சொன்னது:

"கீழே ஆட்கள் இருக்கிறார்கள்."

கீழே யாருமில்லை. ஓர் ஆடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. திரையில் பம்பு அறையின் முன்னால் சிவப்பாக ஒரு கறை, அரிவாள் போல வளைந்து கிடந்தது.

"இத்ரீஸ், இதுக்குக் கண்ணு தெரியலையா?"

அவன் வந்து பார்த்தான். "போன வாரம் கம்பெனிலேருந்து புதுசா ஏதோ ஏத்திவிட்டாங்கக்கா. கோளாறா இருக்கும். அணைச்சுப் போடுங்க" என்றான்.

அவளும் அணைத்துப் போட்டாள். ஆனால் மறுநாள் காலையில் நகரின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. பம்பு அறை முன்னால் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்களோடு பெண்கள் ஓடினார்கள், ஜெசிந்தாவும் ஓடினாள். வெயில் ஏற ஏற, நிழல் விழுந்த பக்கமாக வரிசை மெல்ல வளைந்தது. இடுப்பில் குடத்தோடு அவள் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். அரிவாள் போல வளைந்திருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, தற்செயல் என்றுதான் வைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க முடியவில்லை. தினமும் காலையில் பால் வாங்கப் போகிற சாக்கில் மைதானத்துக்குப் போனாள். வீடுகளின் மேல் பறக்கத் தேவையே இருக்கவில்லை. மைதானத்துக்கு மேலேயே உயர்த்திக் கேமராவைத் திருப்பினால், முதல் இரண்டு தெருக்களும் திரைக்குள் வந்துவிடும். பெரும்பாலான நாட்களில் ஒன்றுமிருக்காது. சில நாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு சிவப்பு, சில நாள் ரேஷன் கடையில்.

பிறகு ஒரு புதன்கிழமை, ஞானப்பிரகாசம் சார் வீட்டு வாசல் சிவந்திருந்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கேட்டிலிருந்து தெருமுனைவரை கறை படர்ந்திருந்தது. கேமராவில் பார்த்தால் அந்த வாசலில் அவர் மட்டும் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ட்ரோன் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினார். குரல் அதே பதத்தோடு சொன்னது: "கீழே ஆட்கள் இருக்கிறார்கள்."

மறுநாள் விடிவதற்குள் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனவர்களோடு ஜெசிந்தாவும் நின்றாள். உள்ளே செபமாலை சொல்லும் சத்தம். அவள் நின்ற இடத்தில் ஒரு மின்கம்பம் இருந்தது. நேற்று அந்தக் கம்பத்தைச் சுற்றியும் சிவப்பாக இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படியென்றால் நேற்றே நான் இங்கே வந்து நின்றாகிவிட்டது; இன்று கால்கள் மட்டும்தான் வந்திருக்கின்றன என்று தோன்றியது. அவசரமாக அந்த இடத்தைவிட்டு நகர்ந்து எதிர்ப்பக்கச் சுவரோரம் போனாள். அங்கேயும் சிவப்பாகத்தான் இருந்தது என்பது பிறகு ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே இத்ரீஸ் கடைக்குப் போனாள். அவன் எதையும் மறுக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நானும் விசாரிச்சேன்க்கா. கோளாறு இல்ல. பெரிய பார்சல் ட்ரோன் இருக்குல்ல, அதுங்களுக்கு நாளைக்குப் போற வழியை இன்னைக்கே முடிவு பண்ணியாகணும். இன்ஜின் நின்னு விழுந்தா யார் தலையிலயும் விழக் கூடாது. அதுக்காக நாளைக்கு எங்கெங்க ஆளுங்க கூடுவாங்கன்னு ஒரு வரைபடம் போட்டிருக்காங்க. அதையே இந்தச் சின்ன வண்டிக்கும் சேர்த்து ஏத்திவிட்டுட்டாங்க."

"நாளைக்குக் கூடறது இன்னைக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம எல்லார் கையிலயும் போன் இருக்கே. யாரு தூங்காம நடக்கறா, யாரு எந்த டாக்டரைத் தேடறா, யாரு ரொம்ப நாள் கழிச்சு யாருக்குப் பேசறா. கோடிக்கணக்கான பேரைப் பார்த்துப் பார்த்து அது பழகிடுச்சு. நடந்து போறவங்களைக் காட்டாது. ஒரு இடத்துல வந்து நிக்கிறவங்களைத்தான் காட்டும், ஒத்தை ஆளா இருந்தாலும் ஒரு புள்ளி வைக்கும்."

"ஞானப்பிரகாசம் சார் சாவாருன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"இல்லக்கா. சாவுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. கூட்டம் வரும்னு மட்டும்தான் தெரியும்."

"அப்ப இதை யாருகிட்டயாவது சொல்ல வேண்டாமா?"

"என்னன்னு சொல்லுவீங்க?" என்றான் இத்ரீஸ்.

அது நியாயமான கேள்விதான் என்பது அடுத்த வாரமே தெரிந்தது. முதல் தெருவில் மஞ்சள் பெயின்ட் அடித்த வீட்டு வாசல் சிவந்திருந்தது. ஜெசிந்தாவால் பொறுக்க முடியவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டி, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பெரியவங்களுக்கு யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டாள். வீட்டுக்காரம்மாளுக்கு முகம் சுருங்கிப்போனது. "ஏங்க, விடியக்காலம் வந்து இப்படிக் கேக்கறீங்க? எல்லாரும் குத்துக்கல்லாட்டம்தான் இருக்கோம்" என்று கதவைச் சாத்தினாள். மறுநாள் அந்த வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. பெண் பெரியவளாகியிருந்தாள். ஒலிபெருக்கி தெருவையே அதிர வைத்தது. ஜெசிந்தா மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அன்றே முடிவு செய்தாள். இனி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சிவப்பு நல்லதா கெட்டதா என்று தெரியாமல் எதற்கு ஊரைக் கலக்க வேண்டும்? பறக்கவிடுவதை நிறுத்தியிருக்கலாம். அது மட்டும் முடியவில்லை. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவது போல அதுவும் ஒரு பழக்கமாகிப்போனது.

இத்ரீஸைத் தவிர, பிரிட்டோவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவன் நம்பவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. "மேல இருந்து பார்த்தா நிறைய தெரியும்தான். ஆனா எல்லாத்துக்கும் நாம பிரேக் போட முடியாது ஜெசி" என்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை காற்றே இல்லை. இறக்கைகளைத் தடவிப் பார்த்தாள், பேட்டரி பார்த்தாள், உயர்த்தினாள். கேமராவைத் திருப்பியதும் திரையில் ஒரே ஒரு சிவப்புதான் இருந்தது. அடர்த்தியாக, நடுவில் கறுத்து. மொட்டைமாடியில் நீலத் தொட்டி, கொடியில் பிரிட்டோவின் வேலைச் சட்டை. அவர்களுடைய வீடு.

திரும்பப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தி ட்ரோனை இறக்கினாள். அது தரையைத் தொடுவதற்குள் காற்றிலேயே பிடித்துவிட்டாள். இறக்கை சுண்டுவிரலைக் கிழித்தது. பெட்டியில்கூட வைக்காமல் முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள்.

பிரிட்டோ வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க."

"என்ன கையில ரத்தம்?"

"போகாதீங்க. நம்ம வாசல் செவந்திருக்கு."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "விசேஷம் எதாவது இருக்கும்."

"நம்ம வீட்ல என்னங்க விசேஷம்? யாரு இருக்கா நம்ம வீட்ல? நீங்களும் நானும்தானே?"

"ஜெசி, இன்னைக்குப் பெரிய குழாய் தூக்கணும். அந்தக் கிரேன் பிரேக்குக்கு ஒரு கிறுக்கு உண்டு, நின்ன மாதிரி இருந்துட்டு ஒரு சாண் இறங்கும். அது என் கைக்குத்தான் அடங்கும். வேற ஆளு ஏறினா தடுமாறிடுவான்."

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து, கட்டிய கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றில் அவள் ரத்தம் பட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து மேஸ்திரியிடம் காய்ச்சல் என்றான். பிறகு மாசிலாமணியைக் கூப்பிட்டான். கிரேனுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டிச் சைகை காட்டுகிறவன் மாசிலாமணி. பிரிட்டோவோடு வெகுகாலமாக வேலை பார்க்கிறவன். நாலாவது தெருவில் வீடு.

"ஜெசி வரவேண்டாங்கறா மாசி. நீ பார்த்துக்க. மேல யாரு ஏறுறான்னு கேட்டுக்க."

அந்த நாள் நகரவே இல்லை. ஜெசிந்தா கேஸ் சிலிண்டரை மூடினாள். வெந்நீர் வேண்டாம் என்றாள். மாடிப்படி ஏறவிடவில்லை. பிரிட்டோ இருமினால் ஓடி வந்தாள். அவன் தூங்கினால் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். அடிக்கடி ஜன்னல் திரையை விலக்கி வாசலைப் பார்த்தாள். வெயில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டு நாய் தெருவைக் கடந்து வந்தது, சரியாக அவர்கள் வாசலுக்கு முன்னால் நின்றது, எதையோ சுற்றிக்கொண்டு போவது போல வளைந்து போனது. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

பொழுது சாயும் நேரத்தில் பிரிட்டோவின் போன் அடித்தது. அவன் கேட்டுக்கொண்டே எழுந்தான்.

"யாரு மேல ஏறினது?" என்று மட்டும் கேட்டான். பிறகு போனை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"மாசி" என்றான். "குழாய் இறங்கிடுச்சு. அந்த ஒரு சாண்."

கிரேனில் ஏறியவன் புது ஆள். பிரேக் நின்றுவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்திருக்கிறான். சங்கிலியைச் சரிசெய்யக் குனிந்திருந்த மாசிலாமணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிரிட்டோ கிளம்பி அரசு மருத்துவமனைக்குப் போனான். அவனைத் தடுக்க ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு, அழுகையோடு அழுகையாக, நெஞ்சின் ஓர் ஓரத்தில் ஒரு நிம்மதி ஊறியது. கூட்டம் நம் வாசலுக்கு இல்லை, மாசிலாமணி வாசலுக்கு. வரைபடம் தெரு மாறிக் காட்டிவிட்டது. அந்த நிம்மதியை அவளே வெறுத்தாள். ஆனாலும் அது போகவில்லை.

காலையில் வாசலில் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். ஒரு மினி லாரியிலிருந்து இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி அவள் வீட்டுச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க ஏன் இறக்கறீங்க? துக்க வீடு நாலாவது தெருவுல."

"அங்க வேற வண்டி போயிருக்கும்மா. இது இந்த வாசலுக்கு."

"யாரு சொன்னா?"

அவன் போனைத் தேய்த்துக் காட்டினான். "யாரும் சொல்றதில்லம்மா இப்பல்லாம். முதலாளி வரைபடம் வாங்கியிருக்காரு. எந்த வாசல்ல கூட்டம்னு முன்னாடியே தெரிஞ்சிடும். வேணாம்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவோம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "துக்கம் எப்பம்மா?"

அவள் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஆட்கள் திரும்புவது தெரிந்தது. முன்னால் மாசிலாமணியின் மனைவி பூங்கோதை. முடி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு பெண்கள் தோளைப் பிடித்திருந்தார்கள். பின்னால் பட்டறை ஆட்கள், சொந்தக்காரர்கள், நாலாவது தெருவே வந்தது. உடல் இன்னும் மருத்துவமனையிலிருந்து வரவில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரி இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். பூங்கோதை கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் பிரிட்டோ தலையைத் தொங்கப்போட்டு வந்தான். சவக்கிடங்கு வாசலில் அழுதபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தான் என்பது அவன் நடையிலேயே தெரிந்தது.

கூட்டம் வாசலில் நின்றது. கேட்டிலிருந்து இரண்டு பக்கமும் பரவி, நடுவில் அடர்ந்து நின்றது. ஜெசிந்தா ஏற்கெனவே பார்த்த உருவம்தான். யாரும் நாற்காலியில் உட்காரவில்லை.

"சண்டைக்கு வரலக்கா" என்றாள் பூங்கோதை. அழுது அழுது குரல் காற்றாகிப் போயிருந்தது. "ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிடறேன். நேத்து காலையில எங்க வாசல் எப்படி இருந்துச்சு?"

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மைதானத்துக்கு மேலிருந்து இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் நாலாவது தெரு தெரிந்திருக்கும். ஒரு பொய் போதும். ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"நான் பார்க்கலம்மா" என்றாள். "எங்க வீட்டைப் பார்த்ததும் இறக்கிட்டேன்."

"பார்த்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

தன் முகத்துக்கு நேரே சாத்திய மஞ்சள் வீட்டுக் கதவு ஜெசிந்தாவுக்கு நினைவுக்கு வந்தது. பூங்கோதை காத்திருந்தாள்.

"சரி" என்றாள் பூங்கோதை. "இனிமே பார்த்தா எங்க வீட்டையும் பாருங்க."

திரும்பி நடந்தாள். கூட்டமும் பின்னால் போனது. போகிற போக்கில் ஒருவர் ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காதபடி, "மூணாவது தெரு, பச்சை கேட்டுங்க. நாளைக்கு ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார். அவர் போனதும் இன்னொருத்தி வந்தாள். பிறகு இன்னொருவர். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கதவு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

அடுத்த வாரம் இத்ரீஸ் வீட்டுக்கு வந்தான். அந்த நாற்காலிகளைப் பற்றி அவனிடம் சொன்னாள்.

"எனக்கு ஒன்னுதான் தெரியணும் தம்பி" என்றாள் ஜெசிந்தா. "இவரை நான் நிறுத்தலைன்னா மாசிலாமணி செத்திருக்க மாட்டான். அவன் செத்ததாலதான் என் வாசல்ல கூட்டம். கூட்டம் வரும்னு அது காட்டினதாலதான் நான் இவரை நிறுத்தினேன். இதுல எது மொதல்ல?"

இத்ரீஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "வரைபடத்தைப் பார்க்கிறவங்க என்ன செய்வாங்கங்கறதையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுதாம்க்கா. நீங்க பயப்படுவீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நாலாவது தெருவைப் பார்க்க மாட்டேன்னும் தெரிஞ்சிருக்கு."

அவன் எழுந்துகொண்டான். போகும்போது, வேண்டுமென்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான். அவள் கொடுக்கவில்லை.

பிரிட்டோ வேலைக்குத் திரும்பினான், ஆனால் கிரேனில் ஏறவில்லை. கீழே நின்று சங்கிலி மாட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோனது. அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஒருமுறை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் உசுரோட இருக்கறது எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு ஜெசி. அதான் தாங்க முடியல" என்றான்.

நாலாவது தெருவில் காரியம் முடிந்தது. பந்தல் பிரித்தார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் பஸ் ஏறினார்கள். அதன் மறுநாள் காலை, அத்தனை நாளும் தொடாமல் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு ஜெசிந்தா மைதானத்துக்குப் போனாள். காய்ந்த ரத்தம் ஓர் இறக்கையில் கறுப்பாக ஒட்டியிருந்தது. துடைத்து, விரிசல் இல்லையென்று தடவிப் பார்த்து, உயர்த்தினாள்.

தன் வீட்டைத் தாண்டிக் கேமராவைத் திருப்பினாள். மூன்றாவது தெரு. நாலாவது தெரு. பூங்கோதையின் ஓட்டு வீடு திரைக்குள் வந்தது. சாத்திய கதவு, வாசலில் பந்தல் நட்ட குழிகள். சிவப்பு எதுவும் இல்லை. நாளைக்கு அங்கே யாரும் வரப்போவதில்லை. பட்டறை ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு அவரவர் பாடு. அதையும் அந்த வரைபடம் தெரிந்துவைத்திருந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். கதவுக்கு நேர் எதிரே ஒரு புள்ளி இருந்தது. ஒரே ஒருவர் வந்து வெகுநேரம் நிற்கிற புள்ளி.

அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெகுநேரம் அதையே பார்த்தாள். அவள் நாளைக்குப் போவாள் என்று அது எழுதிவைத்துவிட்டது. இப்போது போகாமல் இருந்து அதைப் பொய்யாக்கலாம். அல்லது அது சொன்னபடியே நாளைக்குப் போய் நிற்கலாம். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. பேட்டரி பாதிக்கு இறங்கிவிட்டதென்று குரல் எச்சரித்தது. ட்ரோனை மெதுவாக, யாருடைய தலைக்கு மேலும் போகாமல், மைதானத்து ஓரமாகவே கொண்டுவந்து இறக்கினாள். பெட்டியில் வைத்து மூடினாள். வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பாமல் நாலாவது தெருவுக்குள் நடந்தாள்.

கதவைத் திறந்த பூங்கோதை, முதலில் அவள் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நாளைக்கு யாராவது வர்றாங்களா?"

"ஒரே ஒரு ஆள் வந்து நிக்கிற மாதிரி காட்டுது."

பூங்கோதை தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். காலைவெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

"யாரு?"

"நான்தான்" என்றாள் ஜெசிந்தா. "நாளைக்குத்தான் காட்டுது. இன்னைக்கும் வரலாமான்னு கேக்க வந்தேன்."

பூங்கோதை வெகுநேரம் வாசல்படியிலேயே நின்றாள். பிறகு கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டாள்.